கோடுகளில் நின்ற மனிதர்

கண்டி இராச்சியத்து உழவனின் உருவம் 1681இல் லண்டனில் வெளியான றொபர்ட் நொக்ஸின் நூலோடு ஐரோப்பிய வாசகர் கைக்குப் போனது. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்து, 1679இல் தப்பியோடிய கைதி அவர். ஏர் பிடிப்பவர், மாடு விட்டுச் சூடு மிதிப்பவர், ஒற்றைத் தாளிப்பனை ஓலையைத் தலைக்குமேல் பிடித்து நடப்பவர் என அந்நூலில் வரும் மனிதர்களுக்குச் செப்புத் தகட்டில் வடிவம் கொடுத்தவை லண்டன் கைகள். முகங்களில் அந்நியச் சாயல் படிந்திருக்கிறது, வேலைகளில் பொய்யில்லை. நம் பாட்டன்மார் காலம்வரை மாடுகள் சுற்றியது அதே வட்டத்தில்தான்.

நூறாண்டு கழித்து, 1785இல், யான் பிரான்டெஸ் என்ற லூத்தரன் போதகர் இத்தீவுக்கு வந்தார். கொழும்பில் ஒல்லாந்த ஆளுநர் முன் நின்ற கண்டித் தூதர்களை வரைந்த அதே பொறுமையோடு யானைகளையும் எளிய மனிதர்களையும் வரைந்தார். அந்தத் தாள்கள் இன்று அம்ஸ்ரடாம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்து வந்த சாமுவேல் டானியல் 1808இல் பன்னிரண்டு படங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். கண்டி அப்போது ஆங்கிலேயருக்கு மூடிய மலை. 1811இல் இம்மண்ணிலேயே அவர் இறந்தார். நான்கு ஆண்டுகளில் இராச்சியம் வீழ்ந்தது. 1819இல் வெளிவந்தவை படையதிகாரி லிட்டில்டனின் நிலக்காட்சிகள். கைதியும் போதகரும் மனிதரைப் பார்த்தார்கள். வென்றவரின் கண்ணில் நிலம் விரிந்து மனிதர் சிறுத்துப்போனார்கள். அந்த நிலத்தில்தான் விரைவில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. கடல் தாண்டி நடந்துவந்த தமிழர் அவற்றில் இறங்கினார்கள்.

அந்நியர்தான் நம்மைப் பார்க்கக் கற்றுத்தந்தார்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மகாவலிக்கு அப்பால் தெகல்தொருவ குகை விகாரையில், நாயக்க வம்சத்து கீர்த்தி சிறி இராசசிங்கனின் ஆதரவில் எழுந்த சுவரோவியங்கள் பிரான்டெசின் காலத்தவை. வெஸ்ஸந்தர ஜாதகத்து யானை, காவலர், ஏவலர் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். தீட்டியவர்களில் ஒருவரின் பெயரும், சில்வத்தென்ன என்று, நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் சுவரிலும் சரி, தாளிலும் சரி, ஏவலர்களுக்கும் உழவர்களுக்கும் பெயரில்லை.

இப்போது பெரஹரா இரவுகளில் ஆயிரம் கைபேசிகள் யானையையும் பாகனையும் பிடிக்கின்றன. பாகனின் பெயரைக் கேட்பவர் அரிது. வாசகரே, உங்கள் வீட்டுப் பெட்டியில் தோட்டத்துப் பழைய படம் ஏதேனும் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, நிற்பவர்களின் பெயர்களைப் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.