முயலின் குதிகால்

புக்கிட் பெருந்துங் தாமான் வீடுகளில், கார் நிறுத்துமிடத்தோரம் கம்பிக் கூண்டில் முயல் வளர்ப்பவர்கள் ஒருமுறை அதைத் தூக்கிப் பின்னங்காலைத் திருப்பிப் பாருங்கள். நாய், பூனைக்கு இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது. அடர்ந்த ரோமம்தான் காப்பு. கம்பி அதைத் தேய்த்துவிட்டால் குதிகால் சிவக்கும், புண்ணாகும், சீழ் கட்டும். கவனிக்காவிட்டால் எலும்புவரை போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சிறுநீர் ஊறிய தரை வேறு லேசில் காயாது. ரோமம் குட்டையான ரெக்ஸ் வகைக்கும், தின்று கொழுத்த முயலுக்கும் ஆபத்து அதிகம்.

மருந்து தேடுமுன் தரையை மாற்றுங்கள். கம்பிமேல் கெட்டிப் பலகை, அதன்மேல் தடிப்பாக வைக்கோல். ஈரமானதைத் தினமும் எடுத்துவிட வேண்டும். வெறும் சிவப்புக்குப் பெரும்பாலும் இதுவே போதும். தோல் பிளந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் போவதுதான் வழி. வீட்டில் மீந்த அமோக்சிசிலினை வாயில் ஊற்றுவது மகா தப்பு; குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயலே செத்துப்போகலாம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர்மீதுதான் பராமரிப்புப் பொறுப்பைச் சுமத்துகிறது. புழுக்கை கீழே விழுந்து கூண்டு சுத்தமாக இருக்கும் என்று கம்பித் தரையைப் புகழ்ந்து விற்கும் கடைக்காரரையும் அதில் சேர்த்திருக்கலாம்.