பிள்ளைகளே கணினியைப் பொருத்தட்டும்!

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கு தொடங்கிவிடும். "எனக்குக் கேமிங் கணினி வேண்டும், பாகங்களை நானே வாங்கிப் பொருத்திக்கொள்கிறேன்" என்று பிள்ளை கேட்பான். தந்தையார் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றை வழங்குவார். "விளையாட்டுக்கெல்லாம் காசு கிடையாது, போய் வேலையைப் பார்" என்பது ஒன்று. "உனக்கு எதற்கு அந்த வேலை? கடையில் முழுதாகவே வாங்கித் தருகிறேன்" என்பது மற்றொன்று. முன்னதற்குக் கண்டிப்பு என்றும் பின்னதற்குப் பாசம் என்றும் நாம் பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால், இரண்டுமே பிள்ளையின் கையிலிருந்து ஒரு நல்ல பாடத்தைப் பிடுங்கி எறிகின்ற செயல்கள்தாம்!

விளையாட்டுக் கணினிக்கு ஓர் ஆசிரியர் வக்காலத்து வாங்குகிறாரே என்று புருவம் உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள்க. விளையாடத் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களைப் பற்றியே பேச வந்தேன். கையிலுள்ள பணத்துக்குள் எட்டுப் பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒன்றில் பணத்தைக் கொட்டினால் இன்னொன்றில் துண்டு விழும். கணிதமும் அறிவியலும் வாசிப்பும் சிக்கனமும் ஒரே இடத்தில் கூடும் இப்படிப்பட்ட பயிற்சியை எந்தப் பயிற்சி நூலில் நாம் கொடுத்திருக்கிறோம்?

3,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டில் படத்தை வரைந்து தள்ளுவது வரைகலை அட்டை. ஆகவே திரையையும் அந்த அட்டையையும்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். 4கே திரையில் உள்ள புள்ளிகள் 1080பி திரையில் உள்ளவற்றைப் போல் நான்கு மடங்கு. அதற்கேற்ப அட்டையின் வேலையும் விலையும் ஏறும். முதல் கணினிக்கு 1080பி திரை போதும். பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது அட்டைக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மற்றவற்றுக்குப் பகிர வேண்டும் என்பது என் கருத்து. கடைக்காரர்களோ பெரும்பாலும் மையச்செயலியின் பெயரைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். பெற்றோர் கேள்விப்பட்ட பெயர் அதுதானே!

அடுத்தது பொருத்தம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏஎம்4 வகைச் செயலி, 2022இல் வெளிவந்த ஏஎம்5 தாய்ப்பலகையில் அமராது. ஏஎம்5 பலகை டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளுக்குரிய பலகைகளோ டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையாகவும் விற்கப்படுகின்றன. ஒன்றுக்குரிய நினைவகம் மற்றதில் நுழையாது. இன்டெல் செயலியின் பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்ற ஓர் எழுத்து வந்தால் அதற்குள் வரைகலைப் பகுதி இயங்காது என்று பொருள். தனி அட்டை இல்லாவிட்டால் திரை இருண்டே கிடக்கும். ஓர் எழுத்தால் பொருள் மாறுவதைக் 'கல்', 'கால்' என்று எழுதிக் காட்டி ஆண்டு ஒன்றிலேயே நாம் கற்பிக்கிறோம். அதே கவனம்தான் இங்கும் வேண்டும். இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி அட்டையும் உண்டு, 2024இல் வந்த 6 ஜிபி அட்டையும் உண்டு. குறைந்தது நினைவகம் மட்டுமன்று. கணக்கிடும் கருக்களும் 2,560லிருந்து 2,304 ஆகக் குறைந்துவிட்டன. இலக்கியத்தில் ஒரு சொல் இரு பொருள் தந்தால் சிலேடை என்று இரசிக்கலாம். கடையில் இரசிக்க முடியுமா?

மின்வழங்கியைத்தான் நம்மவர் கடைசியாக நினைக்கிறார்கள். இதில் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. ரைசன் 5 7600 செயலியின் பெட்டியில் 65 வாட் என்றிருக்கும். முழு வேகத்தில் அது 88 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 அட்டைக்கு 115 வாட். விசிறிகள், பலகை, சேமிப்பகம் ஆகியவற்றுக்குத் தாராளமாக 60 வாட் போடுங்கள். கூட்டினால் 263. திடீர் ஏற்றத்துக்கும் பிற்கால மாற்றத்துக்கும் இடம் விட்டாலும், தரமான 550 வாட் மின்வழங்கி போதுமானது. இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவரிடம் 750 வாட் என்று அச்சிட்ட, தயாரித்தவர் பெயரே தெரியாத பெட்டியை எளிதாக விற்றுவிடலாம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்றிதழ் ஆகாது. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் ஒன்றில் வாழ்கிறோம். மூன்று முனைச் செருகியில் நிலத்தொடர்பு சரியாக இருக்க வேண்டும், இடி இடிக்கும்போது செருகியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் பிள்ளை இங்கேயே கற்றுக்கொள்வான்.

பழைய அட்டை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், ஓட்டிப் பார்த்த பிறகு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தை வரைகலை அட்டையால் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. அதற்காக இரவு பகலாய் உழைத்துக் களைத்த அட்டைகள் பல அப்போது சந்தைக்கு வந்தன.

இனி, 'பாசம்' என்ற தீர்ப்புக்கு வருவோம். சென்ற ஆண்டு என் முன்னாள் மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஸ்கூடாயில் பலரைப் போலவே அவன் தந்தையும் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிக் கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைப்பவர். தவணையில் வாங்கிய கணினியைப் பெருமையோடு காட்டினார். கண்ணாடிக் கூடு, உள்ளே ஏழு வண்ண விளக்குகள். பெயர் பெற்ற செயலி, ஆனால் மலிவான வரைகலை அட்டை. இரண்டு நினைவகத் தகடுகளை இணையாகப் போட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு 8 ஜிபி தகடு. மின்வழங்கியில் நிறுவனத்தின் பெயரே இல்லை. இவற்றையெல்லாம் விடக் கொடுமை, திரையின் கம்பியை வரைகலை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகிக் கொடுத்திருந்தார்கள்! பணம் கொடுத்து வாங்கிய அட்டை மூன்று மாதமாக வேலையின்றி உள்ளே கிடந்தது. "விளையாட்டு விட்டு விட்டு ஓடுகிறது ஐயா" என்றான் பையன். கம்பியை இடம் மாற்றிச் செருகியதும் ஓடியது. அந்த மாணவன் கூரிய அறிவுள்ளவன். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவனிடம் தரப்பட்டிருந்தால் இந்த ஒரு கம்பியையா தவறவிட்டிருப்பான்?

'கண்டிப்பு' தரப்பினரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையும் இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற கடமைகளை விட விளையாட்டே முதன்மையாவது, கேடு வந்த பின்னும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டுக் காலம் இவை நீடித்திருக்க வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது. சரி, அந்த அச்சம் உள்ளவர்கள் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்தது எப்படி? போர்வைக்குள் நள்ளிரவு வரை ஓடும் கைப்பேசி விளையாட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. கூடத்தில், எல்லாரும் நடமாடும் இடத்தில், மேசைமேல் நிற்கும் கணினி தெரியும். அதை அறைக்குள் வைக்கக் கூடாது என்று தாராளமாக நிபந்தனை போடுங்கள். எந்தப் பாகத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் பணம் இல்லை என்றும் சொல்லுங்கள். இத்தகைய கண்டிப்பைக் கைதட்டி வரவேற்பேன். மகள் கேட்டாலும் இதே விதிதான். பெண்பிள்ளைகளை யாரும் கேட்பதே இல்லை என்பது வேறு கதை.

விலை நிலவரத்தையும் பிள்ளையே பார்க்கட்டும். 2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் அள்ளிச் செல்லப்பட்டதே காரணம். மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூசியல் வணிகத்தையே மூடப்போவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. அத்தகைய தரவு மையங்கள் எங்கோ அமெரிக்காவில்தான் உள்ளன என்று எண்ண வேண்டா. ஸ்கூடாயிலிருந்து வடக்கே செனாயைத் தாண்டினால் கூலாய். அங்குள்ள ஒய்டிஎல் தரவு மைய வளாகத்தில் என்விடியாவோடு சேர்ந்து அமைக்கும் திட்டம் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. பக்கத்து ஊரில் நடப்பதற்கும் தன் கையிலுள்ள 3,000 வெள்ளிக்கும் தொடர்பு இருப்பதைப் பிள்ளை உணர்ந்தால், பொருளியலில் பாதி புரிந்த மாதிரி.

ஆசிரியப் பெருமக்களே, நம் பங்கையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடம் நம் கையில் இருக்கிறது. ஆனால் கணினியின் பாகம் என்றால் படத்தில் அம்புக்குறியிட்டுப் பெயர் எழுதச் சொல்வதோடு பல வகுப்பறைகளில் கதை முடிந்துவிடுகிறது. செயலியின் உலோக மூடியில் 'மேட் இன் மலேசியா' என்று பொறித்திருப்பதைக் கண்ட மாணவர் எத்தனை பேர்? இன்டெல் தன் நாட்டுக்கு வெளியே முதல் தொழிற்சாலையை 1972இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது. நம்மவர் எத்தனையோ பேர் அத்தகைய தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்ந்திருக்கிறார்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இதே ஸ்கூடாயில் இருக்கிறது. இத்தனையும் சூழ இருக்க, ஒரு கூட்டைத் திறந்து பார்க்காமலேயே நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் நின்றதால், பல வீடுகளில் பழைய கணினிகள் மூலையில் தூசு படிந்து கிடக்கின்றன. பள்ளிச் சொத்தைத் தொட்டால் பாரம் நிரப்பி மாளாது என்பது நமக்குத் தெரியும். அதைத் தொட வேண்டா. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் இயங்காத கணினி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால் போதும். மின்வழங்கியை நான் முன்னரே கழற்றி எடுத்துவிடுவேன். அதன் உட்புறத்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது. மற்றவற்றை ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொன்றாய்க் கழற்றி, மீண்டும் பொருத்தட்டும். ஒரு சனிக்கிழமை காலை போதும். திருப்புளிகளை நான் கொண்டுவருகிறேன்.