தானே சேமிக்கும் ஏடு

2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் நம் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறைத் துணைமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையால் நாடு முழுவதுமே மின்சாரமின்றி நின்றது. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட கெலிஓயாவில் வாழும் எமக்கு, மழைக்காலத்தில் விளக்கு அணைவது புதுமையன்று. ஆயின், கணினியில் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் மாணாக்கனுக்கு அவ்வொரு கணம் பல மணி நேர உழைப்பைப் பறித்துவிடும்.

“சேமிக்க மறவாதே” என்று அவனைக் கடிவதாற் பயனில்லை. பொருளில் ஆழ்ந்தவன் விசையை மறத்தல் இயல்பு. ஓயாது ஒரே செயலைச் செய்வது இயந்திரத்தின் பணி. அதனை இயந்திரத்திடமே ஒப்படைத்தல் வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை கோப்பைச் சேமிக்குமாறு சில வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுதல் உயர்வகுப்பு மாணவர்க்கு அரிதன்று.

எனினும், எங்கே சேமிப்பது என்பதிற் கவனம் வேண்டும். மூலக்கோப்பின் மேலேயே நிமிடந்தோறும் எழுதும் ஸ்கிரிப்ட், தவறி அழித்த பந்தியையும் அழித்தபடியே சேமித்துவிடும். 1976இல் தோன்றிய ஈமாக்ஸ் என்னும் உரைத் தொகுப்பான், வழக்கமாக 300 விசையழுத்தங்களுக்கு ஒருமுறை தானே சேமிக்கின்றது; ஆனால், வேறொரு கோப்பில். 1991இல் வெளிவந்த விம், 200 எழுத்துக்கள் தட்டப்பட்டதும், அன்றி 4 விநாடி கை ஓய்ந்ததும், தனிக்கோப்பிற் பதிவு செய்கின்றது. மூலத்தை மாற்றும் உரிமையை இரண்டும் எழுதுபவனுக்கே விட்டுவைத்தன. நம் மாணவரும் நாளும் நேரமும் பெயரிற் பொறித்த தனிப்படிகளாகவே சேமிக்கக் கற்றல் நன்று.

அப்படிகளுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். 2023இல் அரசாங்க மேகக் கணினி தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கவியலாது போயின. அண்மைக்காலப் படி வேறெங்கும் இல்லாமையே காரணம்.

விழா மலர்களும் சங்கக் குறிப்பேடுகளும் இன்று கணினியிலேயே உருவாகின்றன. ஆதலின், தட்டெழுத்தோடு இச்சிறு பாடத்தையும் கல்லூரிக் கணினிக்கூடத்திற் கற்பிக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம். இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்கள் ஒரு பிற்பகலை ஈந்தால் அதுவே போதும்.