எதிர்வீட்டு நிலா

தென்காசிக்காரனிடம் சொத்து எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பாஸ்புக்கைக் காட்ட மாட்டான். "மேக்க பாத்து ஒரு ஜன்னல் இருக்கு சார்" என்பான்.

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக ஒரு காற்று வரும். கையோடு கொஞ்சம் சாரலையும் கூட்டிக்கொண்டு வரும். ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடவேண்டும். குற்றாலத்தில் ரூம் போட்டுத் தங்குகிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிற அந்தக் காற்று, மேலகரத்தில் எங்கள் மாடி போர்ஷனுக்கு வாடகையோடு சேர்த்தே வந்துகொண்டிருந்தது.

போன சீஸனில் அதே ஜன்னல் வழியாக வேறொன்றும் வந்தது.

ராத்திரி பத்தரை மணி. கண் சொக்குகிற நேரம். பளீர்! எவனோ டார்ச் அடிக்கிறான் என்று அலறி எழுந்தேன். டார்ச் இல்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி மாடிச் சுவரில் புதிதாக ஒரு எல்.இ.டி. ஃப்ளட் லைட் மாட்டியிருந்தார். அது நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் வரிவரியாக விழ, பாளையங்கோட்டை ஜெயிலில் படுத்திருப்பது போல இருந்தது.

ஜன்னலைச் சாத்தினால் காற்று போச்சு. திறந்தால் தூக்கம் போச்சு. கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி என்னைப் பார்த்து வீலென்று கத்தினாள்.

"அண்ணாச்சிகிட்ட போய்ச் சொல்லுங்களேன்."

"நீ மைனிகிட்ட சொல்லேன்."

இப்படியே இரண்டு வாரம் போனது. ஆபீஸில் ஒரு வவுச்சரில் 17,500-ஐ 1,75,000 என்று அடித்துவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டு, "வீட்ல எதும் பிரச்னையா?" என்றார். "ராத்திரி தூக்கமில்ல சார், விளக்குப் பிரச்னை" என்றேன். அவர் வேறு என்னவோ புரிந்துகொண்டு, மேற்கொண்டு கேட்காமல் ஃபைலை மூடினார்.

ஒருவழியாக தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, அந்த லைட்டு கொஞ்சம்..."

"நல்லா எரியுதுல்லா தம்பி? உங்க வாசலுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன். கரெண்டு பில்லு நம்மளது. நீங்க ஒண்ணும் தரவேண்டாம்!"

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். வேறென்ன செய்ய?

கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் நண்பன் உண்டு. டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். "லவுட் ஸ்பீக்கருன்னா 2000-ஆம் வருஷத்து விதி இருக்கு, ராத்திரி பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும் தடை. வெளிச்சத்துக்கு அப்படி மணிக்கணக்கெல்லாம் கிடையாது. ஊருக்கே தொல்லைன்னா 'பொதுத் தொல்லை'ன்னு பாரதிய நியாய சன்ஹிதாவில 270-ஆவது பிரிவு. உனக்கு மட்டும் தொல்லைன்னா சிவில் கேஸ் போடணும். தீர்ப்பு வரும்போது நீ ரிட்டயர் ஆகியிருப்பே" என்றான்.

அப்புறம் ஒரு குண்டையும் தூக்கிப் போட்டான். 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாம். ஒரு கட்டடத்துக்கு வருகிற வெளிச்சத்தை இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் அது உரிமையாகிவிடுமாம். சட்டம் எழுதினவர்கள் நினைத்தது சூரிய வெளிச்சத்தை. அடுத்தவன் வெளிச்சத்தை மறைக்கிறானே என்று சண்டை போட்ட காலம் அது. வெளிச்சம் அதிகமாகிவிட்டதே என்று ஒருவன் டீ வாங்கிக் கொடுத்துப் புலம்புவான் என்று 1882-ல் யாருக்குத் தெரியும்? இங்கிலாந்துக்காரன் மட்டும் முழித்துக்கொண்டான். அடுத்த வீட்டு விளக்கும் தொல்லைதான் என்று 2005-ல் சட்டம் போட்டு, 2006 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

நமக்கு இந்த வம்பெல்லாம் புதுசு. 2012-ல் நாளெல்லாம் கரெண்ட் இல்லாமல் விசிறியும் கையுமாக மொட்டை மாடியில் கிடந்தோமே, அப்போது எதிர்வீட்டில் வெளிச்சம் வந்தால் கோபமா வந்தது? நமக்கும் வந்துவிட்டது என்று கை தட்டினோம். எல்லாம் விலை செய்கிற வேலை. இன்றைக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு ஹார்டுவேர் கடையில் ஐம்பது வாட்ஸ் எல்.இ.டி. கிடைக்கிறது. பழைய நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு பத்தை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டது போல வெளிச்சம். அந்த வெள்ளையில் நீலம் ஜாஸ்தி. தூக்கத்துக்கான மெலடோனின் இருட்டில்தான் ஒழுங்காகச் சுரக்கும்; நீலத்தைக் கண்டால் மக்கர் பண்ணும்.

ஆபீஸ் சகா ஒருவன் கொடுத்த யோசனை சுலபமானது. "நீ நூறு வாட்ஸ்ல ஒண்ணு வாங்கி, அவர் பெட்ரூமுக்கு நேரா மாட்டு." முள்ளை முள்ளால்! வாங்கியே விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை ராத்திரி தெரு முழுக்கக் கரெண்ட் போனது.

வாசலுக்கு வந்தேன். எதிரே அண்ணாச்சியும் வந்தார். மேற்கே மலை கறுப்பாக, பக்கத்தில் வந்து நிற்பது போல நின்றது. ரொம்ப நாள் கழித்து நட்சத்திரங்களைப் பார்த்தேன். "மேல வாங்க அண்ணாச்சி, காத்து நல்லா வருது" என்றேன். வந்து என் கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். மனைவி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

பேச்சுவாக்கில் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி கதையைச் சொன்னேன். 2020-ல் அந்த ஊர்த் தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாசத்துக்கும் மேல் ஸ்விட்சில் யாரும் கை வைக்கவில்லை. ஊரே இருட்டில் கிடந்தது. "குருவிக்காக அண்ணாச்சி!" என்று அழுத்திச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"குருவிக்கு இருட்டுன்னா பயமில்ல தம்பி. உங்க மைனிக்கு இருக்கே. ரெண்டு மாசம் முன்ன எவனோ காம்பவுண்டு ஏறிக் குதிச்சிட்டான். நான் சத்தம் போட்டதும் ஓடிட்டான். அன்னையிலேருந்து அவ ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டே கெடந்தா. பயலுவ ரெண்டு பேரும் வெளியூர்ல. லைட்டு போட்ட பெறவுதான் தூங்குதா."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. பரண்மேல் நூறு வாட்ஸ் இருப்பது ஞாபகத்துக்கு வந்து என்னவோ செய்தது. எதிர்வீட்டில் ஒருத்தி நாள்கணக்கில் தூங்காமல் இருந்ததே தெரியாமல், நான் இரண்டு வாரத் தூக்கத்துக்குப் போர் முரசு கொட்டியிருக்கிறேன்.

அப்போது கரெண்ட் வந்தது.

பளீர்! அண்ணாச்சி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். காப்பி வேட்டியில் சிந்தியது. "ஏ யப்பா... என்ன வெளிச்சம் இது! எவம்லே போட்டது?"

நானும் மனைவியும் கூரையைப் பார்த்தோம்.

விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். "நம்மளதா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி. பில்லு உங்களது."

பாவம், அவர் அந்த விளக்கை அவர் வாசலிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார். மறுநாள் அவரே ஏணி போட்டு, நான் பிடித்துக்கொள்ள, விளக்கின் முகத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பினார். மேலே ஒரு பெயின்ட் டப்பாவை வெட்டித் தொப்பி மாட்டினோம். எங்கள் ஜன்னலில் அன்று ராத்திரி காற்று மட்டும் வந்தது.

நாலு நாள் கழித்து அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, ஒரு விசயம் கேட்டேளா? முன்ன அது கண்ணுல அடிக்கதுல, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆளு நின்னாலும் தெரியாது. இப்ப பூனை நிக்கது வரைக்கும் தெரியுது. மைனி நல்லா தூங்குதா."

எனக்கும் வவுச்சரில் பூஜ்யம் ஒழுங்காக விழுகிறது. பரண்மேல் இருக்கிற நூறு வாட்ஸைத்தான் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். யாருக்காவது வேண்டுமானால் பாதி விலைக்குத் தருகிறேன். மாட்டும்போது நான் வந்து பார்ப்பேன்.