கவர் எங்கே?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, தாத்தாவோட ஸ்டாம்ப் ஆல்பம் ஒண்ணு வீட்ல கிடக்குது. இந்த ஸ்டாம்ப் சேக்குறவங்க சங்கத்துல சந்தா கட்டிச் சேர்ந்தா ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா?" நான் வாயைத் திறப்பதற்குள் எதிரே இருந்தவர் முந்திக்கொண்டார். "எல்லாம் நெட்லயே இருக்குப்பா. விலை இருக்கு, வீடியோ இருக்கு. சங்கம் கிங்கம்லாம் ரிட்டயர் ஆனவங்க டைம்பாஸ்." மேசையே சிரித்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது அந்தப் பதில் தவறு என்று நினைக்கிறேன். ஏன் தவறு என்பதை டிபன் பாக்ஸை மூடுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது கும்மிடிப்பூண்டியில். அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஸ்டாம்ப் சேர்ப்பது அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் இலங்கைத் தமிழ் அகதிகளின் பெரிய முகாம் ஒன்று உண்டு. 1990-இல் போர் மறுபடி மூண்டபோது வந்தவர்களுக்காக அமைக்கப்பட்டது. அங்கிருந்து கம்பெனிக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஒருவர் அப்பாவுக்கு நெருக்கமானார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். முகாமுக்கு யாழ்ப்பாணம், கொழும்பு, கனடா, பிரான்ஸ், நார்வே என்று எங்கிருந்தெல்லாமோ கடிதம் வரும். படித்து முடித்தவர்களிடம் கவர்களை மட்டும் கேட்டு வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து தருவார். "இந்தாரும் தம்பி, உமக்கு முத்திரை" என்பார். அவர்கள் ஊரில் ஸ்டாம்புக்குப் பெயர் முத்திரை. நமக்கு முத்திரை என்றால் தபால் ஆபீசில் குத்துவது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கும். கவரின் மூலையைக் கிழித்து, தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவோம். கோந்து இளகியதும் ஸ்டாம்ப் தனியாக மிதந்து வரும். தினத்தந்தி மேல் கவிழ்த்துக் காயவைத்து, டெலிபோன் டைரக்டரிக்கு அடியில் வைத்து அழுத்தி, ஹிஞ்ச் ஒட்டி ஆல்பத்தில் ஏற்றுவோம். இலங்கை ஸ்டாம்பில் தமிழில் 'இலங்கை' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். மிச்சக் கவர்களை அம்மா வெந்நீர் அடுப்பில் போடுவார். பத்து வருடம் இப்படித்தான் நடந்தது.

அப்பா போன பிறகு, விலை விசாரிக்கத்தான் ஆல்பத்தைச் சென்னையில் ஒரு சேகரிப்பாளர் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். பெரியவர் ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு இலங்கைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இதெல்லாம் எந்த விலாசத்துக்கு வந்தது?"

"கும்மிடிப்பூண்டி கேம்ப்புக்கு சார்."

"கவர் எங்கே?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் பையிலிருந்து பழைய கவர் ஒன்றை எடுத்து, அதைப் படிப்பது எப்படி என்று காட்டினார். முன்பக்க முத்திரையில் புறப்பட்ட ஊரும் தேதியும் இருக்கும். பின்பக்கத்தில் வந்து சேர்ந்த தபால் ஆபீசின் தேதி. இரண்டையும் கழித்தால் கடிதம் எத்தனை நாள் அலைந்தது என்று தெரியும். ஒட்டிய தலைகளின் மொத்த மதிப்பு அன்றைய கட்டணத்தைச் சொல்லும். விலாசத்தை அடித்துத் திருத்தியிருந்தால், அந்த மனிதர் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்று பொருள். அஞ்சல் வரலாறு என்பது தனித் துறை, கண்காட்சிகளில் அதற்குத் தனி வகுப்பே உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். போரில் சிதறிய ஒரு சமூகம் எந்தெந்த ஊரிலிருந்து, எந்த வருடத்தில், எத்தனை நாள் தாமதத்தில் கும்மிடிப்பூண்டியோடு பேசியது என்பதற்கான சாட்சியம் எங்கள் வீட்டு மஞ்சள் பையில் இருந்தது. எங்கேயும் விலைக்குக் கிடைக்கிற தலைகளை வைத்துக்கொண்டு அதை அடுப்பில் போட்டோம்.

இனி, "எல்லாம் நெட்ல இருக்கு" என்ற வாதத்துக்கு வருகிறேன். உண்மைதான், இருக்கிறது. ஸ்டாம்பைச் சேதமில்லாமல் பிரிப்பது எப்படி என்று இன்றைக்குத் தேடினால் அருமையான வீடியோக்கள் வரும். எங்களைவிட அழகாகப் பிரிக்கலாம். பிரிக்கலாமா கூடாதா என்ற கேள்வி மனதில் எழாதவனுக்கு அந்த வீடியோ எரிப்பதற்குத்தான் உதவும். தேடுபொறி கேட்டதற்குப் பதில் தரும். நான் கேட்கத் தெரியாமல் விட்டதைக் கேட்க எதிரே ஒரு ஆள் வேண்டும். என் தொழிலில் இதைக் கோட் ரிவ்யூ என்கிறோம். எவ்வளவு கெட்டிக்காரன் எழுதினாலும் இன்னொருவர் பார்க்காமல் கோடை உள்ளே விடமாட்டோம். ஆபீசில் இதை வேதமாக ஓதுகிற நாம், வீட்டுக்கு வந்ததும் தனியாகவே எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று நம்புவது வேடிக்கை.

அடுத்தது பணம். 1948-இல் வந்த 10 ரூபாய் காந்தி தலையில் 'சர்வீஸ்' என்று மேலச்சு போட்டவை நான்கு சேர்ந்த வரிசை, 2017-இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அலமாரியைத் துழாவியவர்களில் நானும் ஒருவன். அரசு அலுவல் உபயோகத்துக்காக மிகச் சொற்பமாக அச்சான தலை அது. நம் வீட்டு ஆல்பங்களில் இருப்பவை லட்சக்கணக்கில் அச்சிடப்பட்டவை. விலை ஏறும் என்ற ஆசையில் சங்கத்தில் சேருகிறவர்கள் சேராமலே இருக்கலாம். சந்தா மிச்சம்.

மூன்றாவது குழப்பம், எதை எல்லாம் சங்கம் என்று நினைத்துக்கொள்கிறோம் என்பது. 200 ரூபாய் கட்டித் தபால் துறையில் டெபாசிட் கணக்கு தொடங்கினால் புதிய வெளியீடுகள் வீட்டுக்கு வரும். அதற்குப் பெயர் வாடிக்கையாளர். 2017-இல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில் 6 முதல் 9 வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பள்ளியின் அஞ்சல்தலைக் கழகத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், கழகம் இல்லாவிட்டால் டெபாசிட் கணக்கு போதும். நல்ல திட்டம்தான். ஆனால் கழகமும் கணக்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்று விதியே சொல்லும்போது, பிள்ளைகள் கழகத்தை என்னவென்று நினைப்பார்கள்?

சரி, தேசிய அமைப்பில் சேரலாமா? இந்திய அஞ்சல்தலைச் சங்கம் 1897-லேயே வந்துவிட்டது. பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளின் சங்கம் என்றாலும், தன் இதழில் ஆராய்ச்சிகளை அச்சிட்டு வைத்தது. இன்றைய தேசியக் கூட்டமைப்பான அஞ்சல்தலைக் காங்கிரஸ் 1975-இல் உருவானது. உலகக் கண்காட்சியில் வைக்க வேண்டுமென்றால், தேசியக் கூட்டமைப்போடு இணைந்த ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். அங்கே மதிப்பெண் போடும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அஞ்சல் வரலாற்றுக்கு 100-இல் 35 அறிவுக்கும் ஆய்வுக்கும். அரிய பொருள் என்பதற்கு 20-தான். காசு உள்ளவன் வாங்கிக் குவித்து ஜெயித்துவிடக் கூடாது என்று யோசித்தவர்கள் போட்ட கணக்கு அது.

ஆனாலும் புதிதாக வருகிறவனுக்கு தேசிய உறுப்பினர் அட்டையால் முதல் நாளில் ஒரு பயனும் இல்லை. டெல்லியிலிருந்து யாரும் வந்து "கவர் எங்கே?" என்று கேட்கப்போவதில்லை. அதைக் கேட்க ஒரு மேசையும் அதன் மறுபக்கம் ஒரு ஆளும் வேண்டும். எனவே முதலில் பக்கத்து ஊர்ச் சங்கம். சென்னையில் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கம் 1956 முதல் இருக்கிறது. எழுதவோ காட்டவோ கையில் சொந்தமாக ஏதாவது சேர்ந்த பிறகு தேசிய அமைப்புக்குப் போகலாம்.

இதே வாயால் சங்கத்துக்காரர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. "கவர் எங்கே?" என்ற கேள்வி அப்பாவுக்கு முப்பது வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டும். ஏன் கிடைக்கவில்லை? கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவருக்கு வாரத்தில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. போனாலும் பேச்சும் இதழும் பாதிக்குமேல் ஆங்கிலம். எங்கள் மாவட்டத் தலைநகரான திருவள்ளூரிலாவது கூட்டம் போடலாமே என்றால், கும்மிடிப்பூண்டிக்காரன் அங்கே ரயிலில் போகவும் சென்னை வந்துதான் பாதை மாற வேண்டும். பதக்கம் வாங்குகிறவர்கள் 1854-இன் கல்லச்சுத் தலைகளில் இருக்கும் நுண்ணிய வேறுபாடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, 48 கிலோமீட்டருக்குள் அகதிகளின் கடிதங்கள் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தன. இதைச் சொன்னால் "யாரும் வந்து கேக்கலையே தம்பி" என்கிறார்கள். கேட்கத் தெரியாதவனிடம் போவதுதானே சங்கத்தின் வேலை?

இன்றைக்கும் சிப்காட்டைச் சுற்றி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்களின் டிரங்குப் பெட்டிகளில் செல்போன் வருவதற்கு முந்தைய கடிதங்களும் மணியார்டர் ரசீதுகளும் கிடக்கலாம். பெட்டி காலியாவதற்குள் யாராவது போய்க் கேட்க வேண்டும். சங்கங்கள் மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது ஊருக்கு வெளியே, தமிழில் நடத்தட்டும். வராவிட்டால் நாமே மூன்று பேர் கூடுவோம். மூன்று பேரும் ஒரு மேசையும் இருந்தால் சங்கம்தான்.

அன்று அந்தப் பெரியவர் கிளம்பும்போது, "வீட்ல நல்லா தேடிப் பாருங்க, ஒண்ணாவது இருக்கும்" என்றார். இருந்தது. அப்பா ஹிஞ்ச் போட்டு வைத்திருந்த கவர். டொராண்டோவிலிருந்து மாமாவின் தங்கை எழுதியது. மூலை கிழிந்திருக்கிறது, தலை இல்லை. பின்பக்கம் கும்மிடிப்பூண்டியின் முத்திரை தெளிவாக இருக்கிறது: 1994. அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துப்போனேன். நான்கு பேர் ஆல்பத்தின் கனடாப் பக்கத்தோடு ஒட்டவைத்துப் பார்த்தார்கள். முத்திரையின் கோடுகள் ஒரு தலையோடு மட்டும் பொருந்தின. கண்காட்சியில் அதற்கு ஒரு மார்க்கும் விழாது.

தம்பியிடம் மறுநாள் சொன்னேன். "சேரு. ஆனா முதல்ல ஒண்ணு செய். தாத்தா ஆல்பத்துக்குப் பக்கத்துல பழைய கவர், லெட்டர் ஏதாச்சும் கிடந்தா அம்மாகிட்ட சொல்லி எடுத்து வைக்கச் சொல்லு. எதையும் தண்ணியில போட்டுடாதே. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா, சேர்ந்தே போவோம்."