காத்து நம்ம ஊருது, காசு யாருக்கு?



காற்றாலைக்குக் கொடுத்தோம், இப்போ சோலாருக்கும் நிலம் கேட்டு வர்றாங்க. ஒரு தடவை கிரயம் எழுதிக் கொடுத்துட்டா நமக்கு மிஞ்சுறது வாட்ச்மேன் வேலைதான். வருமானமெல்லாம் கம்பெனிக்கு.

வேறு வழி இல்லையா? உண்டு. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாகவே வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். கையிருப்பு போக மீதி வங்கிக் கடன். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் கரண்டுக்கு ஈடுகட்டியது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது.

ஒரு ஊராட்சியால் முடிஞ்சது நம்மால் முடியாதா? நிலத்தை விற்காதீர்கள். குத்தகைக்கு மட்டும் விடுங்கள். லாபத்தில் பங்கு கேளுங்கள். கூட்டுறவு மின்உற்பத்திக்கு வங்கிக் கடன் கேட்டு கிராமசபையில் தீர்மானம் போடுவோம்!

பங்கு இல்லையேல் நிலம் இல்லை!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!