கேட்டுக்கு கேட்டு நின்ற டெமு ரெயில்!
150 கிலோ மீட்டருக்கு 6 மணி நேரம் ஆனது ஏன்?

திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி டெமு என்னும் டீசல் ரெயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்த நாளில் இருந்து ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த ஊர்கள் அவை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி மக்கள் ஆசையோடு ஏறினார்கள்.

ஏறியவர்கள் நொந்து போனார்கள். ஏறக்குறைய 150 கிலோ மீட்டரைக் கடக்க 6 மணி நேரம்! கணக்குப் போட்டால் மணிக்கு 25 கிலோ மீட்டர். பஸ்சே தேவலை!

வண்டி மேல் குற்றமா?

இல்லை. டெமு ரெயில் கிளைப்பாதைக்கு என்றே அமைந்த வண்டி. டீசல் என்ஜின் மின்சாரம் தயாரிக்கும். அந்த மின்சாரத்தில் மோட்டார் சுழன்று சக்கரம் ஓடும். இரண்டு முனையிலும் டிரைவர் அறை உண்டு. கடைசி ஸ்டேஷனில் என்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையே கிடையாது. டிரைவர் மறுமுனைக்கு நடந்து போய் உட்கார்ந்தால் வண்டி திரும்பத் தயார்!

அப்படியானால் கோளாறு எங்கே?

கேட்டில்தான். நாடு முழுவதும் அகலப்பாதையில் ஆள் இல்லாத லெவல் கிராசிங்கே இருக்கக்கூடாது என்று 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள். உயிர் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தப் பாதையின் கேட்டுகளுக்குப் போதிய ஆள் போடவில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள். கேட் கீப்பரையும் ரெயிலிலேயே ஏற்றிவிட்டார்கள்!

கேட்டுக்கு முன்னால் ரெயில் நிற்கும். முன் பெட்டியில் இருந்து ஒருவர் இறங்கி கேட்டைச் சாத்துவார். ரெயில் மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின் பெட்டி ஆள் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். ஒரு கேட்டுக்கு இரண்டு முறை நின்றால் பயணி எப்போது ஊர் போய்ச் சேருவது?

பிறகு கேட்டுகளில் ஆள் போட்டார்கள். பயண நேரமும் குறைந்தது. வண்டி அதே வண்டிதான், தண்டவாளமும் அதேதான்!

கோடி கோடியாகக் கொட்டிப் பாதை போட்டவர்கள், கேட்டுக்கு ஆள் போடுவதில் கை இறுக்கியதன் பலனை அனுபவித்தது யார்? வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன ஏழை எளியவர்கள்தான்.

2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோ மீட்டர் பாதையிலும் டெமு ரெயில் வந்தது. இனி எந்தக் கிளைப்பாதைக்குத் திறப்பு விழா நடந்தாலும், மாலையும் கொடியும் இருக்கட்டும். மக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:

கேட்டுக்கு ஆள் போட்டாச்சா?